ஐப்பசியில் காயாத பாவு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர்களான எங்களுக்கு மழை வானத்திலிருந்து வருவதில்லை, குழித்தறியின் அடியிலிருந்து ஊறி வரும். அப்பா சொம்பால் மொண்டு வெளியே ஊற்றுவார். ஈரத்தில் பாவு, அதாவது தறியின் நீளவாக்கு நூல், தளர்ந்து கிடக்கும். அடித்தால் இழை அறும்.

நல்ல நாளில் விடியுமுன்பே பாவைத் தெருவில் நீட்டிக் கட்டி, அரிசிக்கஞ்சி தெளித்து, வெயில் ஏறுவதற்குள் காயவைத்துச் சுருட்டிவிடுவோம். மூன்று புடவைக்கான பாவு, நாலைந்து வீட்டு வாசல் நீளம். சைக்கிள்காரர்கள் இறங்கி ஓரமாய்த் தள்ளிக்கொண்டு போவார்கள், முணுமுணுத்தபடிதான்.

ஐப்பசி, கார்த்திகையில் அந்த வெயில் ஏது? காயாத கஞ்சி புளித்து நாறும். சாயம் தோய்த்த நூல் சிட்டங்களுக்குக் கூடத்தில் மூங்கில் கட்டி, கீழே குமுட்டி அடுப்பு வைப்போம். கரி கொஞ்சம் கனன்றால் பட்டு முரடாகிவிடும். அம்மா புறங்கையை நூலருகே நீட்டிச் சூடு பார்ப்பாள்; எங்கள் வீட்டு வெப்பமானி அதுதான்.

உத்தம சோழன் செப்பேடு ஒன்று, ஊரகத்துக் கோயில் பொறுப்பைக் காஞ்சியின் நான்கு நெசவாளர் சேரிகளிடம் ஒப்படைத்ததைச் சொல்கிறது. பத்தாம் நூற்றாண்டு. அவர்கள் அடைமழையில் நூலை எப்படி உலர்த்தினார்கள் என்றுதான் நான் யோசிப்பேன். செப்பேட்டில் அதெல்லாம் எழுதமாட்டார்கள்.