இடியன் துவக்கும் கட்டுத்துவக்கும்: வன்னிக் கமக்காரனின் மலிவு ஆயுதம்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ-35 வீதியில், விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையே இருக்கிறது உடையார்கட்டு. ஒரு குளம், அதை நம்பிய வயல்கள், மேட்டுக் காணிகளில் கச்சானும் தென்னையும், அப்பால் காடு. உலகெங்கும் வாழும் தமிழர்களில் பலருக்கு இவ்வூரின் பெயர் 2009 ஜனவரியோடு சேர்ந்தே நினைவுக்கு வரும். அம்மாதம் 21ஆம் திகதி அரசாங்கம் அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்குள் இவ்வூரும் அடங்கியது. அந்த வலயத்துக்குள்ளும் எறிகணைகள் வீழ்ந்தன. அக்கதையை நானும் எழுதியிருக்கிறேன், என்னிலும் நன்றாக எழுதியவர்களும் உள்ளனர். இன்று எழுத முனைவது அதைவிடப் பழையதும் சிறியதுமான ஒரு துவக்கின் கதை.

போர் முடிந்து சில ஆண்டுகளின் பின் அப்பகுதிக்குச் சென்றிருந்தபோது, யானை புகுந்து துவம்சம் செய்த தென்னங்காணி ஒன்றின் வேலியோரம் வயோதிபர் ஒருவரைச் சந்தித்தேன். குருத்துப் பிடுங்கப்பட்ட கன்றுகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தவர், இறுதியில் சொன்னார்: "யானைக்கும் தெரியும் தம்பி, எங்களிட்டைத் துவக்கு இல்லையெண்டு."

இந்த ஒரு வாக்கியத்தின் பின்னால் நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு விளக்கம். அவர்கள் துப்பாக்கி என்பதை நாம் துவக்கு என்கிறோம். இரண்டும் துருக்கி வழி வந்த ஒரே சொல்லின் இரு வடிவங்களே. வன்னியில் இதற்கு மூன்று நிலைகள் உண்டு. முதலாவது, தோட்டா இட்டுச் சுடும் சொட்கன். இது அனுமதிப்பத்திரத்துடன் வசதி படைத்தவர் வைத்திருந்தது. இரண்டாவது, இடியன் துவக்கு. குழல் வாயினூடாக வெடிமருந்தையும் ஈயச் சன்னங்களையும் போட்டுக் கோலினால் இடித்து இறுக்குவதால் அதற்கு அப்பெயர். ஊர்க் கொல்லனே செய்வான், பழுது பார்ப்பதும் அவனே. ஏழைக் கமக்காரனுக்கும் வேட்டைக்காரனுக்கும் எட்டியது இதுதான். மூன்றாவது, கட்டுத்துவக்கு. யாரும் அதைக் கையில் ஏந்துவதில்லை. விலங்கு வரும் தடத்தில் கட்டிவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். கம்பியில் கால் தட்டினால் அது தானாகவே வெடிக்கும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் துவக்கு வைத்திருப்பது அனுமதிக்குரிய விடயமாயிற்று. இந்தியாவில் லிட்டன் பிரபுவின் காலத்தில், 1878இல், ஆயுதச் சட்டம் வந்தது. இலங்கையில் இன்றும் அடிப்படையாக இருப்பது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம். துவக்கு வைத்திருப்பவன் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். 1937இல் வனவிலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் சேர்ந்தது. சட்டத்தின் நோக்கத்தைக் குறைசொல்வதற்கில்லை. எனினும் காட்டோரத்து ஏழைக்குப் பத்திரமும் கட்டணமும் கச்சேரிக்கான நெடும் பயணமும் துவக்கைவிடப் பெரிய சுமையாயின. ஆகவே பத்திரமில்லாத இடியன்கள் கூரை முகட்டிலும் வைக்கோற் போரிலும் ஒளிந்திருந்தன. விதானைக்கும் அது தெரியும். தெரிந்தும் தெரியாதவர்போல் இருப்பதற்கு ஒரு விலையும் இருந்தது.

இந்த உறவைத் துல்லியமாகக் கண்டவர் லெனார்ட் வுல்ஃப். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த அவர், 1913இல் வெளியிட்ட நாவலைச் சிங்கள வாசகர் 'பெத்தேகம' என்ற பெயரில் அறிவர். அதன் நாயகன் சிலிந்து ஒரு வேட்டைக்காரன். பஞ்ச காலத்தில் அவனுடைய குடும்பத்துக்கு உணவு தந்த துவக்கே, தாங்கமுடியாத அநீதியின் முடிவில், ஊர்த் தலைவனையும் இன்னொருவனையும் கொல்லும் கருவியாகிறது. அம்பாந்தோட்டைக் காடும் வன்னிக் காடும் ஒரே உலர்வலயக் காடுதான். துவக்கின் நன்மையையும் தீமையையும் தனித்தனியே பட்டியலிட முனைவோர் மறந்துவிடும் உண்மை இது. அவை இரண்டும் ஒரே குழலுக்குள்தான் இருக்கின்றன.

சுதந்திரத்தின் பின் வன்னியில் குடியேற்றங்கள் பெருகின. விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் காடு வெட்டிக் காணியாக்கினர். 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளினால் மிளகாயும் வெங்காயமும் பொன்னாய் விளைந்தன. காட்டுக்கும் பயிருக்கும் இடையிலான எல்லை நீண்டபோது பன்றியும் மரையும் யானையும் எல்லை தாண்டின. காலபோக நெல் குடலைப் பருவத்தை அடைந்ததும் இராக்காவல் தொடங்கிவிடும். பரண், தீப்பந்தம், தகரம், நாய் ஆகியவற்றோடு ஊருக்கு ஓரிரண்டு துவக்குகள். பெரும்பாலும் அவை எதையும் கொல்வதற்காக வெடிக்கவில்லை. ஓசையே போதுமாயிருந்தது. இடியனின் மிகப் பெரிய நன்மை அதன் ஓசைதான் என்று பழைய வேட்டைக்காரர் சிலர் என்னிடம் கூறியதுண்டு.

தீமைகளையும் அவர்கள் மறைக்கவில்லை. மருந்து நனைந்தால் வெடிக்காது. அளவு கூடினால் குழலே பிளந்து சுட்டவனின் விரலையும் கண்ணையும் கொண்டுபோய்விடும். ஒரு வெடி தவறினால் மறுபடி இடித்து நிரப்புமுன் காயப்பட்ட பன்றி ஆளின் மேல் பாய்ந்துவிடும். காணித் தகராறும் கசிப்பும் ஒன்றுசேர்ந்த இரவில், கைக்கெட்டும் தூரத்தில் அது இருந்தால் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

துவக்கை அரசு பார்க்கும் பார்வையை மாற்றியது வன்னியல்ல, தெற்கு. 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ந்தபோது அவ்விளைஞர்களின் கைகளில் இருந்தவை பெரும்பாலும் சொட்கன்களும் கையால் செய்த குண்டுகளுமே. கிராமத்து வீட்டுத் துவக்கு ஆட்சியையே அச்சுறுத்தும் என்பதைக் கொழும்பு அப்போது கண்டுகொண்டது. 1983இன் பின்னர் வடக்கு கிழக்கிலும் அதுவே நிகழ்ந்தது. வீட்டுத் துவக்குகளை ஒப்படைக்குமாறு ஒரு பக்கம் அரசு வற்புறுத்தியது. மறுபக்கம் அதே துவக்குகளைத் தேடி இயக்கங்கள் வந்தன. பயிர் காக்க வாங்கிய பொருள் இரு தரப்பினருக்கும் ஆயுதமாகத் தெரிந்தது. கமக்காரனுக்கு மட்டுமே அது மண்வெட்டியைப் போன்றதொரு கருவியாக இருந்தது. அவனிடம் யாரும் கேட்கவில்லை. 1996இல் துப்பாக்கிகள் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் மேலும் கடுமையாயின.

அதன் பின் நிகழ்ந்ததை வரலாற்றின் கசப்பான முரண் என்றே சொல்லவேண்டும். உலகச் சந்தையின் நவீன ஆயுதங்கள் வன்னிக்கு வந்து குவிந்த ஆண்டுகளில், வன்னிக் கமக்காரன் தன் பயிருக்கு ஒரு வெடி வைக்க வழியற்றிருந்தான். 2009இல் எல்லாம் முடிந்து, முகாம்களிலிருந்து மக்கள் மீண்டபோது வயல்களைப் பற்றைக்காடு மூடியிருந்தது. மனிதரில்லாத காலத்தில் விலங்குகள் தம் தடங்களை விரித்திருந்தன. போரின் நிழல் நீங்காத மாவட்டத்தில் தமிழ்க் கமக்காரன் ஒருவன் துவக்குக்கு விண்ணப்பிப்பதென்பது, தன்மேல் தானே சந்தேகத்தை வரவழைப்பதற்கு ஒப்பானது. யானை வெடி கிடைத்தது, சில இடங்களில் மின்வேலி வந்தது. யானை வெடிக்கு யானை பழகிவிடும். மின்வேலிக்குப் பராமரிப்பு வேண்டும். பன்றிக்கும் குரங்குக்கும் இரண்டும் பொருட்டல்ல.

இந்த இடைவெளிக்குள் கட்டுத்துவக்கு நுழைந்தது. கையில் துவக்கோடு பிடிபடுவதைவிட, துவக்கைக் காட்டில் விட்டுவிட்டு வீட்டில் உறங்குவது பாதுகாப்பானது என்பது எளிய கணக்கு. இங்குதான் மலிவின் பொருள் மாறுகிறது. இடியனைப் பிடித்தவன் குறைபாடுள்ளவனாயினும் அவனுக்குக் கண் உண்டு. எதிரே அசைவது பன்றியா, விறகு பொறுக்க வந்த பெண்ணா என்று ஒரு கணமாவது பார்ப்பான். கட்டுத்துவக்குக்குக் கண் இல்லை. பன்றியின் உயரத்துக்குக் கட்டப்படுவதால் மனிதனுக்கு அது முழங்காலை அண்டிப் பாய்கிறது. தேன் எடுக்கப் போனவர், மாடு தேடிப் போனவர், சில வேளைகளில் கட்டியவரே கூட அதற்குப் பலியாகின்றனர். பொலிஸ் விசாரணைக்கு அஞ்சி வைத்தியசாலைக்குப் போகத் தாமதித்துக் காலை இழப்போரும் உண்டு.

மிதிவெடிகளால் கால்களை இழந்த மக்கள் வாழும் மண் இது. அதே மண்ணில், மிதிவெடியைப் போலவே ஆளறியாது வெடிக்கும் ஒன்றை நம் கைகளாலேயே கட்டிவைக்கிறோம். இதைப் பற்றிய செய்திகள் உள்பக்கத்தின் மூலையில் நான்கு வரிகளில் வருவது வழக்கம். செய்தி மேசையில் அமர்ந்திருந்த ஆண்டுகளில் நானும் அவற்றை நான்கு வரிகளாகச் சுருக்கியவன்தான். இன்று அது உறுத்துகிறது.

மலிவான துவக்கு பற்றிய விவாதம் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் 'சற்றடே நைற் ஸ்பெஷல்' என்று இழிவாக அழைக்கப்பட்ட மலிவுக் கைத்துப்பாக்கிகளின் இறக்குமதியை 1968ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அவை குற்றவாளிகளின் கருவி என்றனர் ஒரு சாரார். விலையுயர்ந்ததை வாங்க முடியாத ஏழைக்குத் தற்காப்பு உரிமை இல்லையா என்றனர் மறு சாரார். மேற்குலகில் வாழும் நம்மவர் இவ்வாதங்களை நாள்தோறும் கேட்கின்றனர். ஆனால் அங்கே பேச்சு மனிதனுக்கு எதிரான தற்காப்பைப் பற்றியது. உடையார்கட்டில் அது ஒரு போகத்து நெல்லைப் பற்றியது. அந்த வேறுபாட்டை மறந்து, ஆயுதம் கூடாது என்ற ஒற்றை வாக்கியத்தால் வன்னிக் கமக்காரனைக் கடந்துபோவது நியாயமாகாது.

மறுபுறம், யானையின் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. 2023ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் நானூறுக்கும் அதிகமான யானைகள் இறந்தன. துவக்குச் சூடு அதன் முக்கிய காரணங்களில் ஒன்று. அதே ஆண்டில் யானைகளால் உயிரிழந்த மனிதர் நூற்றைம்பதுக்கும் அதிகம். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை, பயிரழிக்கும் குரங்குகளையும் மர அணில்களையும் மயில்களையும் நாடு முழுவதும் ஐந்து நிமிடங்களில் எண்ணுமாறு அரசாங்கம் மக்களைக் கேட்டுக்கொண்டது. பலர் அதை நகைத்தனர். நான் நகைக்கவில்லை. கமக்காரனின் இழப்பை எண்ணத் தொடங்குவதற்கு அது ஒரு முதற்படியாகவேனும் இருக்கலாம்.

என் கருத்து இதுதான். தனி வீடுகளில் மலிவுத் துவக்குகள் பெருகுவதை நான் ஆதரிக்கவில்லை. ஆயினும் முற்றாக மூடிய கதவு துவக்கை ஒழிக்கவில்லை, அதைக் குருடாக்கியிருக்கிறது. கமக்கார அமைப்பு ஒன்றின் பொறுப்பில், பதிவுசெய்யப்பட்ட ஓரிரண்டு சொட்கன்கள், போகக் காலத்தில் மட்டும், பயிற்சி பெற்றவர் கையில், ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கோடு இருக்கலாம். அதற்கு ஈடாக, கட்டுத்துவக்கை எவர் கட்டினாலும் ஊரே காட்டிக்கொடுக்கும் ஓர் உடன்பாடு வேண்டும். பயிரழிவுக்கு உரிய நட்டஈடு காலந்தாழ்த்தாது கிடைக்கவும் வேண்டும்.

அன்று விடைபெறும்போது, துவக்குத் தந்தால் வாங்குவீர்களா என்று அந்த வயோதிபரிடம் கேட்டேன். நெடுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "வீட்டுக்குள்ள வேண்டாம் தம்பி, பேரப்பிள்ளையள் இருக்குதுகள். ஊருக்குப் பொதுவாய் ஒண்டு இருந்தாப் போதும்," என்றார்.

நான் மேலே எழுதியவை யாவும் அவருடைய அந்தப் பதிலின் விரிவுரையே.