காந்தளின் பெயர்களும் கிழங்கின் நஞ்சும்

குறிஞ்சிப்பாட்டு அடுக்கிக் கூறும் 99 மலர்களுள் முதற்கண் நிற்பது செங்காந்தள். மதுரையை அடுத்த பரங்குன்றத்தை முதலிற் பாடும் திருமுருகாற்றுப்படையும் முருகனுக்குக் காந்தட் கண்ணி சூட்டுகின்றது. இலக்கியம் பயில்வார்க்கு இக்கொடி மலராகவே அறிமுகமாயிற்று. 1753இல் குளோரியோசா சூப்பர்பா எனப் பெயரிட்ட லின்னேயசும் மலரின் வனப்பையே கண்டார் போலும்.

மருத்துவர் கண்டதோ கிழங்கு. ஏரின் வடிவாய்க் கவைத்துக் கிடத்தலின் அதனைக் கலப்பைக்கிழங்கு என்றனர். வடமொழியில் வழங்கும் லாங்கலி என்னும் பெயரும் கலப்பையை ஒட்டியதே. ஆயுர்வேதம் இதனை உபவிடங்களுள் ஒன்றாக எண்ணுகின்றது. கிழங்கை மெல்லிய வில்லைகளாக அரிந்து, இரவில் உப்பிட்ட மோரில் ஊறவைத்துப் பகலில் உலர்த்தி, இவ்வாறு சில நாள் செய்தபின் கையாளும் சுத்திமுறையும் உண்டு. நஞ்சென அறிந்தே பயன்கொண்டனர் என்பது இதனாற் பெறப்படும்.

அந்நஞ்சு கொல்ச்சிசின் என்னும் ஆல்கலாய்டு. ஐரோப்பியர் மூட்டுவலிக்கு வழங்கிய கொல்ச்சிகம் என்னும் வேறொரு செடியினின்று பெல்த்தியே, கவாந்து என்னும் பிரெஞ்சு வேதியியலார் 1820இல் அதனைப் பிரித்தெடுத்தனர். காந்தட் கிழங்கிலும் அதுவே உளது என 1915இல் வெளிப்பட்டது. உயிரணுவினுள் அமையும் நுண்குழல்கள் உருவாவதை அது தடுக்கின்றது. அதனால் அணுப்பிரிவு நிற்கும், வெள்ளணுக்களின் இயக்கமும் மட்டுப்படும். யூரிக் அமிலம் மூட்டிற் படிந்து வரும் கவுட் நோயின் வீக்கம் தணிவது இவ்வாறே. நாள்தோறும் 0.5 மில்லிகிராம் அளவில் இதய நோயாளர்க்கு வழங்க அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2023இல் ஒப்புதல் அளித்தது. ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பகுதிகளில் இக்கொடி விதைக்கெனவே பயிரிடப்படுகின்றது.

அளவு மிகின் வாந்தியும் வயிற்றுப்போக்கும் முந்தும். பின்னர் எலும்பு மச்சை தளரும், மயிர் உதிரும், உயிரும் போதல் கூடும். இலங்கையில் வற்றாளைக் கிழங்கென மயங்கி இதனை உண்டு இறந்தோர் உளர்.

இனிப் பெயர் பற்றிய சிக்கல். குறிஞ்சிப்பாட்டு காந்தள், தோன்றி, கோடல் ஆகிய மூன்றையும் தனித்தனியே எண்ணுகின்றது. அகராதிகளோ தோன்றியைச் செங்காந்தள் என்றும், கோடலை வெண்காந்தள் என்றும் ஓரினத்துள் அடக்கிவிடுகின்றன. செய்யுளுக்குப் பொருள் காண்பார்க்கு இம்மயக்கம் பெரிதன்று. மருத்துவ ஏடுகளைப் பதிப்பிப்பார்க்கோ அங்ஙனம் அன்று. தோன்றி என்ற சொல் வருமிடத்து அகராதிப் பொருளை அப்படியே அடிக்குறிப்பில் இடுதல் தகாது. ஏட்டிலேயே கிழங்கின் வடிவும் சுத்திமுறையும் கூறப்பட்டிருப்பின் அவற்றைக் கொண்டு துணிதல் வேண்டும். அவை இல்லாவிடத்து, மூலிகை இன்னதெனத் துணியப்படவில்லை என்றே குறித்தல் வேண்டும்.