புகழிலிருந்து பழிக்கு: ஆதித்த கரிகாலன் என்னும் நாயகனின் வளர்ச்சி

முன்னுரை

ஆற்றல் மிக்க ஒரு நாயகனின் கதையைத் தொடர்ந்து எழுத வருபவர் முன் இரண்டு வழிகள் உள்ளன. முதல் பாகத்தில் வென்ற பகைவனைவிடப் பெரிய பகைவன் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தலாம். அல்லது நாயகன் முன்பு செய்த செயல் ஒன்றை எடுத்து, அதற்கு அவனையே பதில் சொல்லச் செய்யலாம். முதல் வழியில் நாயகனின் வலிமை வளரும். இரண்டாம் வழியில்தான் நாயகன் வளர்வான். சோழநாட்டு மண்ணில் ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகச் சொல்லப்பட்டுவரும் ஆதித்த கரிகாலன் கதை இந்த இரண்டாம் வழிக்குச் சிறந்த சான்று என்பது இக்கட்டுரையின் கருதுகோள். செப்பேடு, கல்வெட்டு, தொடர்கதை, திரைப்படம் என்று கதை நகர நகர, அவனுக்குப் புகழ் தந்த செயலே எவ்வாறு அவனுடைய குறையாகவும் அந்தக் குறையே எவ்வாறு அவனுடைய வளர்ச்சியாகவும் ஆயிற்று என்பதை இங்கே காண்போம்.

குறையில்லா வீரன்: செப்பேடுகள்

சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்தன். அவனுடைய இளமைக்காலச் சோழநாடு அடிபட்டுத் தேறிக்கொண்டிருந்த நாடு. 949-இல் தக்கோலப் போரில் இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்தான். வடக்கே தொண்டை மண்டலம் கைநழுவியது. தெற்கே வீரபாண்டியன் ‘சோழன் தலைகொண்ட’ என்று தன் பெயருக்கு முன் அடைமொழி பொறித்துக்கொண்டான். அந்த அவமானத்தைத் துடைத்தவனாக ஆதித்தன் வருகிறான். அவன் கல்வெட்டுகளில் ‘வீரபாண்டியன் தலைகொண்ட’ என்னும் அடைமொழி இடம்பெறுகிறது. பாண்டியன் சூட்டிக்கொண்ட சொல்லாலேயே அவனுக்குப் பதில் சொல்லியாயிற்று.

நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் வழங்கப்பட்டதைப் பதிவுசெய்யும் பெரிய லெய்டன் செப்பேடு, சிறுவன் ஆதித்தன் வீரபாண்டியனோடு பொருததை மதயானையோடு விளையாடும் சிங்கக்குட்டிக்கு ஒப்பிடுகிறது. முதலாம் இராசேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு இன்னும் ஒரு படி மேலே போய், பாண்டியன் தலையைத் தன் நகரில் வெற்றித்தூணாக நட்டவன் என்கிறது. அதை அடுத்து, அவன் விண்ணுலகைக் காணும் விருப்பத்தால் மறைந்தான் என்று முடித்துவிடுகிறது. அவன் எப்படி இறந்தான் என்பதற்கு அங்கே இடமில்லை.

மெய்க்கீர்த்தி மரபின் இயல்பே இதுதான். அங்கே வீரன் பிறக்கும்போதே முழுமையானவன். அவனுடைய செயல்களுக்கு வெற்றி மட்டுமே விளைவு. இந்நாளைய சொல்லில் அவனை ‘சூப்பர் ஹீரோ’ எனலாம். இத்தகையவனைப் போற்றலாம்; அவன் கதையைத் தொடர முடியாது. தொடர்வதற்குத் தீராத ஒன்று மிஞ்சியிருக்க வேண்டும்.

உடையார்குடிக் கல்

மிஞ்சியிருந்ததைச் சொல்வது ஒரே ஒரு கல்வெட்டு. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் உள்ளது அது. முதலாம் இராசராசனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் முதலியோரைக் குறித்து, அவர்களுடைய உடைமைகளை மட்டுமல்லாமல் உறவினர் உடைமைகளையும் பறிமுதல் செய்யும் அரசாணை வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு வருகிறது.

இந்தக் கல்வெட்டில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கொல்லப்பட்டவனைக் குறிக்கும் இடத்திலும் பாண்டியனைத் தலைகொண்டவன் என்ற அடைமொழி விடாமல் வருகிறது. அவன் எடுத்த தலையும் அவன் இழந்த உயிரும் ஒரே தொடரில் அமைந்திருக்கின்றன. அடைமொழி போட்டெழுதுவது அக்கால ஆவண வழக்கம். ஆனால் பிற்காலத்தில் கதை சொல்ல வருபவனுக்கு இந்த அண்மை ஒரு காரண காரியத் தொடர்பாகத் தோன்றாமல் இராது. ‘பஞ்சவன்’ என்பது பாண்டியனைக் குறிக்கும் பெயர் என்பதும் அந்த ஐயத்துக்கு வலுச் சேர்த்தது.

கொலைக்குப் பின்னால் இருந்தவர் யார் என்பதில் அறிஞர்கள் வேறுபட்டனர். பின்னர் அரியணை ஏறிய உத்தம சோழனுக்குப் பங்கிருக்கலாம் என்று கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி ஐயுற்றார், தி. வை. சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். வரலாற்றால் முடித்துவைக்க முடியாத இந்த இடத்தில்தான் புனைவு நுழைந்தது.

கல்கி செய்த மாற்றம்

மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்தில் 1899-இல் பிறந்த கல்கி, ‘பொன்னியின் செல்வன்’ தொடரை 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே மாதத்தில் முடித்தார். ஆடிப்பெருக்கன்று கரிகாலனின் நண்பனும் தூதனுமான வந்தியத்தேவன் குதிரையில் வரும் முதல் காட்சியை அவர் வீரநாராயண ஏரிக்கரையில் வைத்தார். கொலையாளிகளின் நிலத்தைப் பறிமுதல் செய்த ஆணை வந்து சேர்ந்ததும் அந்த ஏரியை ஒட்டிய ஊருக்கே. கதையின் முடிவில் வரவேண்டிய சாவின் சாட்சியம் கதை தொடங்கும் கரையிலேயே கல்லில் கிடக்கிறது.

கல்கியின் பெரிய மாற்றம் நந்தினி என்னும் கற்பனைப் பாத்திரம். செப்பேட்டின் போர்க்கள வெற்றியை அவர் வைகைக்கரைக் குடிசைக்குள் கொண்டுபோனார். காயம்பட்டுக் கிடக்கிறான் வீரபாண்டியன். அவனுக்குப் பணிவிடை செய்கிறாள் கரிகாலன் இளமையில் நேசித்த நந்தினி. உயிர்ப்பிச்சை கேட்டு அவள் மன்றாடியும் கரிகாலன் தலையை வெட்டி எடுத்துச் செல்கிறான். நடந்ததென்னவோ பழைய கதைதான். பார்க்கும் கண்தான் வேறு. செப்பேடு வென்றவனின் பக்கம் நின்று பார்த்தது. கல்கி கெஞ்சியவளின் பக்கம் நம்மை நிறுத்தினார். அந்த ஒரு நகர்வில் ‘தலைகொண்ட’ என்னும் விருது பழியாக மாறிவிடுகிறது.

இதை அவர் நிகழும் காட்சியாகக் காட்டவில்லை என்பது முக்கியம். மாமல்லபுரத்துக் கடற்கரையில் கரிகாலனே தன் நண்பன் பார்த்திபேந்திரனிடம் சொல்லும் நினைவாகத்தான் வாசகருக்கு அது கிடைக்கிறது. நாயகன் தன் வெற்றியைத் தன் வாயாலேயே குற்றமாகச் சொல்கிறான். செப்பேட்டு வீரனுக்கு இல்லாத மனச்சாட்சி அவனுக்கு இங்கே பிறக்கிறது. மீன் சின்னம் பொறித்த பாண்டியனின் வாளை நந்தினி பாதுகாத்துவர, மூன்றாம் பாகத்துக்கே ‘கொலை வாள்’ என்று பெயராகிறது.

ஆனாலும் கல்கியின் கரிகாலன் பாதி வழிதான் வளர்கிறான். குற்றத்தை உணர்கிறான், அதிலிருந்து விடுபடத் தெரியவில்லை. தங்கை குந்தவை வந்தியத்தேவனை அனுப்பித் தடுக்க முயன்றும் நந்தினியைச் சந்திக்கக் கடம்பூருக்குப் போகிறான். அங்கே அவனுடைய பேச்சு சீண்டலுக்கும் சினத்துக்கும் தன்னிரக்கத்துக்கும் இடையே அலைகிறது. அங்கேயே அவன் இறந்தபின் கடம்பூர் இளவரசி மணிமேகலையும் நந்தினியின் கணவர் பெரிய பழுவேட்டரையரும் கொலைப்பழியைத் தத்தம் தலையில் ஏற்றுக்கொள்ள முன்வருகிறார்கள். கொன்றவர் யார் என்பதைக் கல்கி உறுதியாகச் சொல்லவில்லை. பொறுப்பேற்பது என்னும் பண்பு கரிகாலனிடம் முழுமை பெறாமல் மற்றவர்களிடம் போய்ச் சேர்கிறது. ‘தியாக சிகரம்’ என்னும் இறுதிப் பாகத்தில் கரிகாலனின் தம்பி அருள்மொழிவர்மன், பின்னாளின் இராசராசன், தனக்குக் கிடைத்த மணிமுடியையே விட்டுக்கொடுப்பது அதன் உச்சம். அண்ணன் ஒரு தலையை எடுத்தான். தம்பி தன் தலைக்கு வந்த முடியைக் கொடுத்தான். அருள்மொழி அரசை மறுத்ததற்குத் திருவாலங்காட்டுச் செப்பேட்டிலேயே ஆதாரம் இருப்பதால் இந்த முடிவு வரலாற்றின் மேலும் ஊன்றி நிற்கிறது.

இரண்டாம் பாகம் என்னும் வாய்ப்பு

மணிரத்னம் இந்த நாவலை இரண்டு படங்களாக எடுத்தார். முதல் படம் 2022 செப்டம்பர் 30 அன்றும் இரண்டாவது 2023 ஏப்ரல் 28 அன்றும் வெளிவந்தன. விக்ரம் நடித்த கரிகாலனை முதல் படம் போர்க்களத்தில் அறிமுகம் செய்கிறது. வெற்றிமேல் வெற்றி பெற்றும் அமைதி இல்லாதவன் அவன்.

இரண்டாவது படம் போரை விட்டுவிட்டு இளமைக்குத் திரும்புகிறது. இளவரசனும் ஆதரவற்ற பெண்ணும் நேசித்ததும் பிரிக்கப்பட்டதும் தொடக்கத்திலேயே காட்டப்படுகின்றன. அதனால் குடிசையில் நடந்த கொலைக்கு முந்தைய காரணம் கிடைக்கிறது. கடம்பூர்ச் சந்திப்பு அதன் கணக்கு முடியும் இடமாகிறது. அங்கே கரிகாலன் வாளோடு போகும் வீரனாக இல்லை. தான் அநீதி இழைத்தவள் முன் சாவுக்குத் தயாராக நிற்பவனாக இருக்கிறான். நாவலில் தொடங்கிய மனச்சாட்சி இங்கே செயலாகிறது.

உலகத் திரையிலும் இதற்கு இணை உண்டு. 2004-இல் வந்த ‘ஸ்பைடர்மேன் 2’ படத்தில் பீட்டர் பார்க்கர், சித்தப்பாவின் சாவில் தனக்குள்ள பங்கைச் சித்தியிடம் ஒப்புக்கொள்கிறான். எதிரியை வெல்லும் காட்சிகளைவிட அந்த மேசையடிப் பேச்சே அவனைப் பெரியவனாக்குகிறது. எந்த நாட்டுக் கதையானாலும், குறையுள்ள நாயகன் வளர்வது தன் செயலால் பாதிக்கப்பட்டவரின் முகத்தை நேராகப் பார்க்கும்போதுதான்.

முடிவுரை

செப்பேட்டில் செயல் புகழாக இருந்தது. உடையார்குடிக் கல்லில் அந்தப் புகழ் சாவின் பக்கத்தில் வந்து நின்றது. கல்கியிடம் அது மனச்சாட்சியாயிற்று. திரையின் இரண்டாம் பாகத்தில் பொறுப்பேற்பாக முதிர்ந்தது. நான்கு கட்டங்களிலும் புதிய வீரச்செயல் ஒன்றுகூடச் சேர்க்கப்படவில்லை. பழைய செயலை ஒவ்வொரு காலமும் புதிதாக விசாரித்தது. விசாரணைதான் பாத்திரத்தை வளர்த்தது.

இந்த முடிவு இனி எழுதப்போகிறவர்களுக்கும் பயன்படும். விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ வழியாகக் கல்கியின் கதையைத் தொடர்ந்தார். பாலகுமாரன் ‘உடையார்’ நாவலில் இராசராசனின் காலத்தை விரித்தார். ஆனால் தொடுவதற்கு இன்னும் நிறைய இருக்கிறது. உத்தம சோழன் ஏறத்தாழ 970 முதல் 985 வரை ஆண்டான். கொலையாளிகளின் நிலம் பறிக்கப்பட்டது அதற்குப் பின் இராசராசன் ஆட்சியில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர்கள் வீரநாராயண ஏரிப் பாசனத்தில் தங்கள் வயல்களை உழுது அறுத்திருக்க வேண்டும். கல்கியின் கதைப்படி கொலைப்பழி சுமந்து பாதாளச் சிறையில் கிடந்த வந்தியத்தேவனோ, தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவனாக நிலைபெற்றிருக்கிறான். அவசரமும் வாய்ச்சாலகமும் நிறைந்த அந்த இளைஞன், நண்பனைக் காக்க முடியாமற்போன நினைவோடு அந்த ஆண்டுகளை எப்படிக் கடந்தான்? உண்மையான இரண்டாம் பாகம் எழுத விரும்பும் எவரும் தொடங்க வேண்டிய கேள்வி இது. இதற்குப் பதில் தேட இன்னொரு போர்க்களம் தேவையில்லை. உடையார்குடிக் கல்லை நிதானமாக வாசித்தால் போதும்.