டிசிஎஸ்எஸ் வழக்குகளும் டிவிடி பூட்டின் வரலாறும்

டிசிஎஸ்எஸ் என்பது டிவிடி வட்டுகளில் இருந்த குறியாக்கப் பூட்டைத் திறப்பதற்காக எழுதப்பட்ட ஒரு சிறிய கணினி நிரல். 1999 அக்டோபரில் இணையத்தில் வெளியான இந்நிரலின் பேரில் கலிபோர்னியா, நியூயார்க், ஆஸ்லோ ஆகிய மூன்று இடங்களில் வழக்குகள் நடந்தன. நியூயார்க் நீதிமன்றம் நிரலை வெளியிடுவதைத் தடை செய்தது. ஆஸ்லோ நீதிமன்றம் அதை எழுதியதில் பங்குகொண்ட நார்வே இளைஞரை விடுதலை செய்தது. விலை கொடுத்து வாங்கிய ஒரு பொருளை எந்தக் கருவியில், எவ்வாறு பயன்படுத்துவது என்பதை முடிவு செய்யும் உரிமை வாங்கியவருக்கா, விற்றவருக்கா என்ற கேள்வி இவ்வழக்குகளின் வழியாகவே பரவலாகப் பேசப்படலாயிற்று.

பின்னணி

டிவிடி 1996 நவம்பரில் ஜப்பானிலும் 1997 மார்ச்சில் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் இருந்த ஒளிநாடாவில் ஒரு படத்தைப் படியெடுத்தால் ஒவ்வொரு படியிலும் தரம் குறையும். எண்முறையில் பதிவான படத்துக்கு அந்தக் குறை இல்லை. ஆயிரமாவது படியும் முதல் படியைப் போலவே இருக்கும். இதனால் அஞ்சிய ஹாலிவுட் படநிறுவனங்கள், பூட்டு இல்லாமல் தங்கள் படங்களை டிவிடியில் வெளியிட விரும்பவில்லை. அவ்வாறு உருவான பூட்டே சிஎஸ்எஸ்.

இதனுடன் வட்டாரக் குறியீடு என்ற ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. உலகம் ஆறு விற்பனை வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. அமெரிக்காவும் கனடாவும் முதல் வட்டாரம். மேற்கு ஐரோப்பாவும் ஜப்பானும் இரண்டாவது வட்டாரம். மலேசியாவும் சிங்கப்பூரும் மூன்றாவது வட்டாரத்திலும், இந்தியாவும் இலங்கையும் ஐந்தாவது வட்டாரத்திலும் வைக்கப்பட்டன. அமெரிக்காவுக்கெனக் குறியிடப்பட்ட வட்டைச் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ விற்ற இயக்கியில் போட்டால் அது ஓடாது. இந்தத் தடைக்கும் படியெடுத்தலுக்கும் தொடர்பில்லை. ஒரு படத்தை வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு விலையில் விற்பதற்கான ஏற்பாடு அது.

பூட்டு வேலை செய்த விதம்

சிஎஸ்எஸ் பல அடுக்குச் சாவிகளைக் கொண்டது. வட்டில் உள்ள படம் ஒரு சாவியால் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். அந்தச் சாவி, வட்டுச் சாவி என்ற இன்னொரு சாவியால் பூட்டப்பட்டிருக்கும். வட்டுச் சாவியோ, இயக்கி தயாரிப்பாளர்களுக்கு வழங்கப்பட்ட ஏறத்தாழ 400 சாவிகள் ஒவ்வொன்றாலும் தனித்தனியே பூட்டப்பட்டு, வட்டின் மறைவான பகுதியில் பதிந்திருக்கும். இயக்கி தன்னிடமுள்ள சாவியால் வட்டுச் சாவியைத் திறந்து, அதைக்கொண்டு படத்தின் சாவியை எடுத்து, பிறகு படத்தைக் காட்டும்.

சாவி வேண்டும் தயாரிப்பாளர் டிவிடி படியெடுப்புக் கட்டுப்பாட்டுச் சங்கம் என்ற அமைப்பிடம் கட்டணம் செலுத்தி உரிமம் பெற வேண்டும். இரகசியத்தைக் காப்பதாகவும் வட்டாரக் குறியீட்டை மதிப்பதாகவும் ஒப்பந்தம் செய்ய வேண்டும். இதனால் திறந்த மூலநிரல் உலகுக்குச் சிக்கல் எழுந்தது. லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில் நிரலின் ஒவ்வொரு வரியையும் எவரும் படிக்கலாம். அத்தகைய நிரலில் இரகசியச் சாவியை ஒளித்து வைக்க வழியில்லை. 1999-இல் லினக்ஸ் கணினி வைத்திருந்தவர் கடையில் முழு விலை கொடுத்து டிவிடி வாங்கினாலும், அதைத் தம் கணினியில் பார்க்க உரிமம் பெற்ற மென்பொருள் கிடைக்கவில்லை.

பூட்டு வலுவானதும் அன்று. அதன் சாவிகள் 40 பிட் நீளமே கொண்டவை. அக்காலத்தில் அமெரிக்க அரசு வலிமையான குறியாக்கத்தின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி வந்தது. 40 பிட்டில் அமையக்கூடிய சாவிகள் ஏறத்தாழ 1.1 இலட்சம் கோடி. கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றினாலும் கணினிக்கு இது எட்டாத எண்ணிக்கை இல்லை. சிஎஸ்எஸ் வடிவமைப்பில் இருந்த குறைகள் வேலையை மேலும் எளிதாக்கின. நிரல் வெளியான சில வாரங்களிலேயே, பிராங்க் ஸ்டீவன்சன் என்பவர் சாவி எதுவும் கையில் இல்லாமலே வீட்டுக் கணினியைக் கொண்டு பூட்டைத் திறக்கலாம் என்று காட்டினார்.

பூட்டு திறக்கப்பட்டது

உரிமம் பெற்ற நிறுவனங்களுள் ஒன்றான ஷிங், விண்டோசில் இயங்கும் தன் டிவிடி மென்பொருளில் சாவியைச் சரியாக மறைத்து வைக்கத் தவறியது. நார்வேயைச் சேர்ந்த 15 வயது யோன் லெக் யோகான்சனும், பெயர் வெளியிடாத இரு நண்பர்களும் அம்மென்பொருளைப் பிரித்து ஆராய்ந்து பூட்டின் வேலைமுறையைக் கண்டறிந்தனர். அதன் பயனே டிசிஎஸ்எஸ். யோகான்சன் அதை 1999 அக்டோபரில் இணையத்தில் வெளியிட்டார். சில வாரங்களில் நூற்றுக்கணக்கான தளங்களில் அதன் படிகள் இருந்தன.

லினக்சில் டிவிடி பார்ப்பதே நோக்கம் என்று எழுதியவர்கள் கூறினர். ஆனால் நிரலின் முதல் வடிவம் இயங்கியது விண்டோசில்தான் என்று படநிறுவனங்கள் சுட்டிக்காட்டின. டிவிடியின் கோப்பு அமைப்பைப் படிக்கும் வசதி அப்போது லினக்சில் முழுமையாக இல்லாததே காரணம் என்பது எதிர்த்தரப்பின் விளக்கம். திறக்கப்பட்ட படத்தைச் சுருக்கி இணையத்தில் பரப்ப முடியும் என்ற படநிறுவனங்களின் அச்சத்திலும் உண்மை இருந்தது. அதே வேளையில், வட்டு அச்சிடும் ஆலை வைத்துக் கள்ளப்படி தயாரிப்பவருக்கு டிசிஎஸ்எஸ் தேவையே இல்லை. பூட்டையும் சாவிப் பகுதியையும் சேர்த்து அப்படியே அச்சிட்டால் அந்த வட்டு அசல் வட்டைப் போலவே ஓடும்.

அமெரிக்கச் சட்டமும் நியூயார்க் வழக்கும்

1998 அக்டோபர் 28 அன்று அமெரிக்காவில் எண்ணிம ஆயிரமாண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கையெழுத்தானது. 1996-இல் ஏற்பட்ட உலக அறிவுசார் சொத்து அமைப்பின் உடன்படிக்கைகளை நிறைவேற்றுவதற்காக வந்த சட்டம் அது. அதன் 1201-ஆம் பிரிவு பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு புதிய குற்றத்தைச் சேர்த்தது. அதுவரை படைப்பைத் திருட்டுத்தனமாகப் படியெடுப்பதே குற்றம். இனி படைப்பைக் காக்கும் பூட்டைத் திறப்பதும், திறக்கும் கருவியைப் பிறருக்கு வழங்குவதும் தனிக் குற்றங்கள்.

இப்பிரிவின் கீழ் 2000 ஜனவரியில் எட்டு ஹாலிவுட் படநிறுவனங்கள் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தன. முதலில் மூவர் பிரதிவாதிகள். இறுதிவரை நின்றவர் '2600' என்ற இதழின் ஆசிரியர் எரிக் கார்லி. அவர் நிரலை எழுதியவர் அல்லர். செய்தியின் பகுதியாகத் தம் தளத்தில் வெளியிட்டவர். கணினி நிரலும் எழுத்தே, அதை வெளியிடுவது பேச்சுரிமை என்பது அவர் தரப்பு வாதம். கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினி அறிவியலாளர் டேவிட் டூரட்ஸ்கி இதற்கு ஆதரவாகச் சாட்சியம் அளித்தார். நிரலாக எழுதினால் குற்றம் என்றால், அதையே ஆங்கில உரைநடையில் விளக்கினால் குற்றமா, எங்கே கோடு போடுவது என்று அவர் கேட்டார்.

2000 ஆகஸ்டு 17 அன்று நீதிபதி லூயிஸ் காப்லன் படநிறுவனங்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். கார்லி நிரலை வெளியிடுவது மட்டுமன்றி, நிரல் உள்ள பிற தளங்களுக்கு அறிந்தே இணைப்புக் கொடுப்பதும் தடை செய்யப்பட்டது. 2001 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இத்தீர்ப்பை உறுதி செய்தது. நிரல் பேச்சுரிமைக்குள் அடங்கும் என்பதை அது ஏற்றுக்கொண்டது. ஆனால் நிரல் பேசுவதோடு நிற்காமல் ஒரு வேலையையும் செய்கிறது, அந்த வேலையைச் சட்டம் கட்டுப்படுத்தலாம் என்றது. கல்விக்காகவோ விமர்சனத்துக்காகவோ படத்தின் ஒரு பகுதி தேவைப்பட்டால், திரையில் ஓடும் படத்தை ஒளிப்பதிவுக் கருவியால் எடுத்துக்கொள்ளலாம் என்றும் அந்நீதிமன்றம் கூறியது. கார்லி உச்ச நீதிமன்றத்துக்குச் செல்லவில்லை.

கலிபோர்னியா வழக்கு

கட்டுப்பாட்டுச் சங்கம் 1999 டிசம்பரில் கலிபோர்னியாவில் தொடுத்த வழக்கு வணிக இரகசியம் பற்றியது. 2000 ஜனவரியில் நிரலை வெளியிட இடைக்காலத் தடை விதிக்கப்பட்டது. ஆனால் சங்கத்தின் வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த ஆவணங்களிலேயே அந்த நிரல் முழுமையாக இணைக்கப்பட்டிருந்தது. அதை மூடி முத்திரையிடக் கேட்க அவர்கள் முதலில் மறந்துவிட்டதால், இரகசியம் நீதிமன்றத்தின் பொது ஆவணமாயிற்று. 2004-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை நீக்கியது. உலகெங்கும் பரவிவிட்ட ஒன்றை இரகசியம் என்று கொள்ள முடியாது என்பது அதன் முடிவு.

இதற்கிடையே தடையை எதிர்த்தோர் நிரலைப் பல வடிவங்களில் பரப்பினர். சட்டைகளில் அச்சிட்டனர். சேத் ஷோன் அதன் வேலைமுறையை நீண்ட ஹைக்கூ வரிசையாக எழுதினார். கணித ஆர்வலர் பில் கார்மடி 2001-இல் 1401 இலக்கங்கள் கொண்ட ஒரு பகா எண்ணைக் கண்டுபிடித்தார். அந்த எண்ணை முறைப்படி மாற்றி விரித்தால் நிரல் கிடைக்கும். ஓர் எண்ணை எழுதுவது சட்டவிரோதமாக முடியுமா என்ற கேள்வியை அது எழுப்பியது.

ஆஸ்லோ வழக்கு

படநிறுவனங்களும் சங்கமும் அளித்த புகாரின் பேரில் 2000 ஜனவரி 24 அன்று நார்வேயின் பொருளாதாரக் குற்றப்பிரிவு யோகான்சனின் வீட்டைச் சோதனையிட்டது. கணினியும் கைப்பேசியும் எடுத்துச் செல்லப்பட்டன. அப்போது அவருக்கு 16 வயது. 2002-இல் குற்றச்சாட்டு பதிவானது. நார்வேயில் அப்போது அமெரிக்கச் சட்டத்தைப் போன்ற சட்டம் இல்லை. ஆகவே, பிறருடைய தரவைப் பாதுகாப்பை உடைத்து எடுப்போரைத் தண்டிக்கும் குற்றவியல் பிரிவைக் காவல்துறை பயன்படுத்தியது.

2003 ஜனவரி 7 அன்று ஆஸ்லோ நகர நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. யோகான்சன் டிவிடியை முறையாக வாங்கியவர். அதில் உள்ள படத்தைப் பார்க்க அவருக்கு உரிமை உண்டு. உரிமை உள்ள ஒன்றைத் திறப்பது அத்துமீறல் ஆகாது என்பதே தீர்ப்பின் சாரம். அரசு மேல்முறையீடு செய்தது. 2003 டிசம்பர் 22 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் விடுதலையை உறுதி செய்தது. அத்துடன் அரசு வழக்கைக் கைவிட்டது.

நியூயார்க் நீதிமன்றம் பூட்டைத் திறக்கும் கருவி பரவலாமா என்று பார்த்தது. ஆஸ்லோ நீதிமன்றம் வட்டு யாருடையது என்று பார்த்தது. முடிவுகள் வேறுபட்டதற்குக் காரணம் இதுவே. பின்னர் 2005-இல் ஐரோப்பிய ஒன்றிய நெறிமுறைக்கு ஏற்ப நார்வேயும் பூட்டைத் திறப்பதைத் தடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. எனினும் முறையாக வாங்கியதை, அதற்குரிய இயக்கியில் சொந்தப் பயனுக்குப் பார்ப்பதை அச்சட்டம் தடுக்கவில்லை.

விளைவுகள்

டிசிஎஸ்எஸ் மீதான தடை நடைமுறையில் பயனற்றுப் போனது. பிரான்சில் மாணவர்கள் தொடங்கிய வீடியோலேன் திட்டம், சிஎஸ்எஸ் பூட்டைத் திறக்கும் நிரல்தொகுப்பு ஒன்றை உருவாக்கியது. இந்தியாவிலும் பலர் பயன்படுத்தும் விஎல்சி இயக்கி அதன் துணையோடுதான் பூட்டிய டிவிடிகளைக் காட்டுகிறது.

ஆனால் சட்டம் நிலைத்தது. அமெரிக்காவில் 1201-ஆம் பிரிவுக்கு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை விலக்குகள் பரிசீலிக்கப்படுகின்றன. திரைப்படக் கல்வித்துறைப் பேராசிரியர்கள் வகுப்பில் காட்டுவதற்காக டிவிடியிலிருந்து காட்சித் துண்டுகளை எடுக்க 2006-இல்தான் விலக்குக் கிடைத்தது. 2010-இல் இது பிற கல்லூரி ஆசிரியர்களுக்கும் ஆவணப்படம் எடுப்போருக்கும் விரிவாக்கப்பட்டது. முன்பு சட்டமே அனுமதித்திருந்த ஒரு செயலுக்கு, பூட்டு வந்த பிறகு ஆசிரியர்கள் தனி அனுமதி கேட்டு நிற்க வேண்டியதாயிற்று.

இந்தியாவில் 2012-ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் 65அ என்ற பிரிவைச் சேர்த்தது. பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டைத் திறப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்க அது வழிசெய்கிறது. நோக்கம் என்ற சொல் இங்கு முக்கியமானது. சட்டம் தடுக்காத ஒரு காரியத்துக்காகத் திறப்பது குற்றமாகாது. எனினும், அவ்வாறு திறக்க இன்னொருவருக்கு உதவுபவர் உதவி பெறுபவரின் பெயர், முகவரி, நோக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்து வைக்க வேண்டும். பூட்டைப் பற்றிய சட்டம் தனிமனிதரின் அந்தரங்கத்தையும் தொடும் இடம் இது.

வட்டுகளின் காலம் ஏறத்தாழ முடிந்துவிட்டது. அவ்வழக்குகளின் கேள்வி முடியவில்லை. 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், பதிப்புரிமை இல்லாத ஒருவர் விற்பனைக்கு வைத்ததாகக் கூறி, வாசகர்கள் பணம் கொடுத்து வாங்கிய ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நூல்களை அவர்களது கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே நீக்கியது. பணம் திருப்பித் தரப்பட்டது, அனுமதி கேட்கப்படவில்லை. யோகான்சனின் காலத்தில் வட்டாவது வாங்கியவர் கையில் இருந்தது. இன்று படமும் நூலும் நிறுவனத்தின் கணினியில் இருக்க, வாங்கியவரிடம் இருப்பது பார்ப்பதற்கான உரிமம் மட்டுமே. எதை, எப்போது, எவ்வளவு நேரம் பார்த்தார் என்ற கணக்கும் அங்கேயே சேர்கிறது. பூட்டிய வட்டுக்கு இந்தக் கணக்கு தெரியாது.