சிறைப்பட்டார்க்குச் சொல் துணை

அயல்நாட்டில் சிறைப்பட்ட ஒருவனை மீட்க, அவனைச் சார்ந்தோர் அந்நாட்டு வேந்தனிடம் சென்று முறையிடுதல் இக்காலத்தார் புதிதாகக் கண்ட வழக்கம் அன்று. சங்கச் சான்றோர் அதனை அறிந்திருந்தனர். சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குச் சென்ற இளந்தத்தன் என்னும் புலவனை, ஒற்றன் எனக் கருதிக் கொல்லத் துணிந்தான் நெடுங்கிள்ளி. அப்போது கோவூர்கிழார் இடைபுகுந்து, பரிசில் நாடித் திரியும் புலவர் பிறர்க்குத் தீங்கு நினையார் என எடுத்துரைத்து அவனை உயிரோடு மீட்டார். புறநானூற்றின் 47ஆம் பாடல் அந்நிகழ்ச்சியின் நினைவாக நிற்கிறது. படையின்றிப் பொருளின்றிச் சொல் ஒன்றே துணையாக நிகழ்ந்த மீட்சி அது.

மற்றொரு சிறைக்கதையும் நாம் அறிந்ததே. சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழன் செங்கணானிடம் தோற்றுக் குடவாயிற் கோட்டத்தில் சிறை வைக்கப்பட்டான். பொய்கையார் களவழி நாற்பது பாடி அவனை மீட்டார் என்பது ஒரு மரபு. கேட்டபோது தண்ணீர் கிடையாமல், காலந்தாழ்ந்து கிடைத்ததைப் பருக மனமின்றி உயிர் நீத்தான் என்பது புறநானூற்று 74ஆம் பாடலின் குறிப்பு. இவ்விரு மரபுகளையும் சேர்த்து எண்ணும்போது ஓர் உண்மை புலனாகிறது. மீட்கும் சொல் இருந்தால் மட்டும் போதாது; அது உரிய காலத்தில் சென்று சேரவும் வேண்டும்.

சேரநாட்டின் தென்கோடியில் வாழும் தமிழராகிய நமக்கு இச்செய்தி வெறும் இலக்கிய இன்பம் தருவது மட்டும் அன்று. நம் முன்னோர் பிழைப்பு நாடி இவ்வூர் வந்தனர். நம் மக்களோ மேலும் கடல் கடந்து வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் செல்கின்றனர். அவர்களுள் ஒருவர் அயலார் காவலில் அகப்பட்டால் அவருக்காகப் பேசுவார் யார் என்னும் கேள்வி நம் ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் நிற்கிறது. அக்கேள்விக்கு விடை காண, நம் நகரத்தோடு தொடர்புடைய சில வரலாறுகளை ஈண்டு ஆராய்வோம்.

மீளாத கைதி

1741ஆம் ஆண்டு குளச்சலில் டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் படை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் பணிந்தது. அப்போது சிறைப்பட்டவர்களுள் ஒருவர் யுஸ்தேசியஸ் தெ லனாய். அக்காலத்தில் சிறைப்பட்டோரைக் காண்பதற்கென அயல்நாட்டு அலுவலர் எவரும் இங்கு இல்லை; அவர்தம் உரிமையை வரையறுத்த பன்னாட்டு உடன்படிக்கையும் இல்லை. கைதியின் விதி வென்றவர் உள்ளத்தில் இருந்தது. மன்னர் அவருடைய திறமை கண்டு பணியில் அமர்த்தினார். அவரும் திருவிதாங்கூர்ப் படையை ஐரோப்பிய முறையில் பயிற்றுவித்துப் பெரும் படைத்தலைவராக உயர்ந்து, 1777இல் இம்மண்ணிலேயே மறைந்தார். பத்மநாபபுரத்தை அடுத்த உதயகிரிக் கோட்டையில் உள்ள அவரது கல்லறையில் இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன. அயலாரின் கைதியாக வந்தவர் நம் மொழியைத் தலைமாட்டில் தாங்கித் துயில்கிறார்.

இது நற்பேறு பெற்ற ஒருவரின் கதை. வென்றவரின் அருளை நம்பியிருத்தல் எல்லார்க்கும் இவ்வாறு முடிவதில்லை. ஆகவே, அருளின் இடத்தில் சட்டத்தை நிறுத்த உலகம் முயன்றது. 1963இல் வியன்னாவில் உருவான துணைத்தூதர் உறவு உடன்படிக்கையின் 36ஆம் பிரிவு அம்முயற்சியின் பயன். அயல்நாட்டார் ஒருவரைக் கைது செய்தால், தம் நாட்டுத் தூதரகத்துக்குச் செய்தி அனுப்பும் உரிமை உண்டு என்பதைக் காலந்தாழ்த்தாமல் அவரிடம் கூற வேண்டும்; அவர் விரும்பினால் தூதரகத்துக்கு அறிவிக்க வேண்டும்; துணைத்தூதர் அவரைச் சிறையில் கண்டு பேசவும் வழக்கறிஞரை ஏற்பாடு செய்யவும் இடம் தர வேண்டும். இந்தியா 1977இல் இவ்வுடன்படிக்கையில் இணைந்தது. குல்பூஷண் ஜாதவ் வழக்கில் பாகிஸ்தான் இப்பிரிவை மீறியது என 2019 ஜூலை 17இல் பன்னாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் இதன் வலிமையால்தான்.

பூசப்புரைச் சிறையில் இருவர்

பிற நாடு ஒன்று தன் குடிமக்களுக்காக எவ்வளவு தூரம் பேசும் என்பதைத் திருவனந்தபுரம் கண்ணாரக் கண்டது. 2012 பிப்ரவரி 15ஆம் நாள், நீண்டகரையிலிருந்து சென்ற ‘செயிண்ட் ஆன்டனி’ என்னும் மீன்பிடி விசைப்படகில் 11 பேர் இருந்தனர். கரையிலிருந்து ஏறத்தாழ 20 கடல்மைல் தொலைவில், ‘என்ரிகா லெக்சி’ என்னும் இத்தாலிய எண்ணெய்க் கப்பலிலிருந்து அப்படகை நோக்கிச் சுட்டனர். கடற்கொள்ளையர் என்று கருதினோம் என்பது சுட்டவர் தரப்பின் விளக்கம். மீனவர் இருவர் மாண்டனர். ஒருவர் கொல்லத்தைச் சேர்ந்தவர். மற்றவர் கன்னியாகுமரி மாவட்டத்துத் தமிழ் இளைஞர். 1956 நவம்பர் முதல் நாளுக்கு முன் அவ்விரு ஊர்களும் ஒரே நிலப்பகுதியில் அடங்கியிருந்தன. எல்லைக்கோடு பிரித்த இரு கரைகளையும் கடல் ஒரே படகில் சேர்த்து வைத்திருந்தது.

கப்பல் கொச்சிக்குக் கொண்டுவரப்பட்டு, இத்தாலியக் கடற்படை வீரர் இருவர் பிப்ரவரி 19இல் கைதாயினர். மார்ச்சு 5ஆம் நாள் முதல் அவர்கள் இந்நகரத்துப் பூசப்புரை மத்தியச் சிறையில் வைக்கப்பட்டனர். அந்நாள் தொட்டு உரோமுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே ஒரு பாதை திறந்தது எனலாம். இத்தாலிய வெளியுறவுத் துறையின் துணை அமைச்சர் ஸ்டெஃபான் தெ மிஸ்துரா மீண்டும் மீண்டும் கேரளம் வந்தார். இறந்தோர் குடும்பங்கள் இரண்டுக்கும் தலா ஒரு கோடி ரூபாயை இத்தாலி வழங்கியது. அதனோடு இணைந்த உடன்பாட்டை உச்ச நீதிமன்றம் கடிந்துரைத்தது. மே மாத இறுதியில் கேரள உயர் நீதிமன்றம் பிணை வழங்கியது. அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் திருநாளை வீட்டில் கொண்டாடிவர இருவருக்கும் இசைவு கிடைத்தது. அவர்கள் சென்று, சொன்னபடியே 2013 சனவரித் தொடக்கத்தில் திரும்பினர்.

இத்தாலியின் வாதம் இரண்டு. சுட்ட இடம் இந்தியாவின் கடலெல்லைக்கு அப்பாற்பட்டது என்பது ஒன்று. சுட்டவர்கள் அரசின் ஆணைப்படி பணி செய்த வீரர்கள் ஆகையால் பிற நாட்டு நீதிமன்றம் அவர்களை விசாரிக்கலாகாது என்பது மற்றொன்று. இறந்தவர்கள் இந்தியப் படகில் இருந்த இந்தியர் என்பது நம் தரப்பின் வாதம். 2013 சனவரி 18இல் உச்ச நீதிமன்றம், கேரள அரசுக்கு இவ்வழக்கை நடத்தும் அதிகாரம் இல்லை என்றும், நடுவண் அரசே தனி நீதிமன்றம் அமைக்க வேண்டும் என்றும் கூறியது.

இதன்பின் நிகழ்ந்தது தூது வரலாற்றில் ஆழ்ந்து நோக்கத்தக்கது. இத்தாலியத் தேர்தலில் வாக்களித்துவர நான்கு வாரம் செல்லலாம் என உச்ச நீதிமன்றம் பிப்ரவரியில் இசைந்தது. அவர்கள் திரும்புவர் என உறுதி அளித்தவர் இத்தாலியத் தூதர் தானியேலே மன்சீனி. ஆனால், மார்ச்சு 11இல் இத்தாலி தன் வீரரைத் திருப்பி அனுப்ப மறுத்தது. மூன்று நாளில் உச்ச நீதிமன்றம், தூதர் இந்தியாவை விட்டு வெளியேறலாகாது என ஆணையிட்டது. தூதர்க்குரிய காப்புரிமையை 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை உறுதி செய்கிறது. அதற்கு இந்த ஆணை பொருந்துமா என்று உலகம் வினவியது. எனினும், கொடுத்த சொல்லைக் காப்பாற்றாத தூதரின் நிலை யாது என்னும் வினாவும் அதற்கு இணையாக எழுந்தது. மார்ச்சு 22இல் வீரர் இருவரும் திரும்பினர். அவர்களைத் திருப்பி அனுப்பியதை ஏற்காத இத்தாலிய வெளியுறவு அமைச்சர் சூலியோ தெர்சி நான்கு நாளில் பதவி விலகினார்.

வழக்கு நீண்டது. உடல்நலம் குன்றிய ஒருவர் 2014இலும் மற்றவர் 2016 மே மாதத்திலும் தாயகம் சென்றனர். இதற்கிடையே வழக்கு ஹாம்பர்க்கில் உள்ள கடற்சட்டத் தீர்ப்பாயத்துக்கும், பின்னர் தி ஹேக் நகரத்து நடுவர் மன்றத்துக்கும் சென்றது. 2020 ஜூலையில் வெளியான நடுவர் முடிவு இருபுறமும் நோக்கியது. வீரர்களுக்கு விலக்குரிமை உண்டு. ஆகவே இந்தியா அவர்களை விசாரிக்க இயலாது. ஆயினும் இந்தியப் படகின் கடற்செலவு உரிமையை இத்தாலி மீறியது. உயிரிழப்புக்கும் பிற கேடுகளுக்கும் இழப்பீடு தர வேண்டும். அதன்படி இத்தாலி செலுத்திய 10 கோடி ரூபாயில் இரு குடும்பங்களுக்கும் தலா 4 கோடியும் படகின் உரிமையாளருக்கு 2 கோடியும் எனப் பகிர்ந்து, 2021 ஜூன் 15இல் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது.

மறுதட்டில் நம்மவர்

இவ்வரலாற்றைப் படிக்கும்போது நம் நெஞ்சில் இரு உணர்ச்சிகள் எழுகின்றன. இறந்த மீனவரின் வீட்டை நினைக்குங்கால், இத்தாலியின் ஓயாத முயற்சி நமக்குச் சினமூட்டுகிறது. அயல்நாட்டுச் சிறையில் வாடும் நம்மவரை நினைக்குங்காலோ, நமக்காகவும் இவ்வாறு ஓயாது பேசுவார் இலரே என்னும் ஏக்கம் பிறக்கிறது.

அந்த ஏக்கத்துக்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. தஞ்சை மாவட்டத்தில் பிறந்து மலாயாவில் தொழிற்சங்கத் தலைவராக விளங்கிய எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்தார் என்னும் குற்றச்சாட்டில் 1949 மார்ச்சு முதல் நாள் பிடிபட்டார். நெருக்கடிக்காலச் சட்டம் அதற்கு மரண தண்டனை விதித்தது. நேரு அரசு பரிந்து பேசியது. இலண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி. கே. கிருஷ்ண மேனனும் முயன்றார். எனினும், மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் கணபதி தூக்கிலிடப்பட்டார். பிடிபட்டதற்கும் தூக்குக்கும் இடையே இருந்தவை இரண்டே திங்கள். அதே காலத்தில் அத்தகைய குற்றச்சாட்டில் மரண தண்டனை பெற்ற சாம்பசிவம் என்பவரோ, இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் செய்த மேல்முறையீட்டால் 1950இல் உயிர் பிழைத்தார். கணபதிக்குக் கிட்டாத கால இடைவெளி இவருக்குக் கிட்டியது. குடவாயிற் கோட்டத்துத் தண்ணீர் ஈண்டு நம் நினைவுக்கு வருகிறது.

அண்மைக் காலத்தில் நிலைமை சற்று மாறியிருப்பதையும் மறைத்தல் கூடாது. போதைப்பொருள் கடத்தியதாக 2011இல் இலங்கையில் பிடிபட்ட இராமேசுவரம் தீவு மீனவர் ஐவருக்கு, 2014 அக்டோபர் 30இல் கொழும்பு உயர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. இந்தியத் தூதரகம் உடனே மேல்முறையீடு செய்தது. பின்னர், அதிபர் பொதுமன்னிப்பு வழங்க வழி விடும்பொருட்டு அம்முறையீடு திரும்பப் பெறப்பட்டது. மூன்று வாரத்துக்குள் ஐவரும் விடுதலையாயினர். கத்தாரில் 2022இல் கைதாகி, 2023 அக்டோபரில் மரண தண்டனை பெற்ற முன்னாள் கடற்படையினர் எண்மருள் ஒருவர் திருவனந்தபுரத்துக்காரர். மேல்முறையீட்டில் டிசம்பரில் தண்டனை குறைந்தது. 2024 பிப்ரவரியில் எண்மரும் விடுபட்டனர். சட்டத்தின் வழியும் அரசுகளின் நட்பும் ஒன்றையொன்று தாங்கிச் சென்றமையே இவ்விரு மீட்சிகளின் உட்பொருள்.

ஆயினும் பெருஞ்செய்தி ஆனவர்க்குக் கிடைக்கும் குரல், பெயரறியாத தொழிலாளிக்கும் கிடைக்கிறதா? வீட்டுப் பணிக்குச் சென்ற பெண்ணும், கடவுச்சீட்டை முதலாளியிடம் ஒப்படைத்துவிட்டுத் தவிக்கும் கட்டடத் தொழிலாளியும் செய்தித்தாளில் இடம் பெறுவதில்லை. கேரள அரசு 1996இல் அயல்வாழ் கேரளியர்க்கெனத் தனித்துறை அமைத்தது இக்குறையை உணர்ந்தமையால்தான். ஆனால் எத்துறையும் தன்பால் வந்து சேர்ந்த செய்திக்கே செயலாற்ற இயலும். அச்செய்தியைக் கொண்டு சேர்ப்பது குடும்பத்தார் கடமை. கடவுச்சீட்டின் படியையும் வேலை ஒப்பந்தத்தின் படியையும் வீட்டில் வைத்திருத்தல், அறியாத மொழியில் எழுதிய தாளில் கையொப்பமிடாதிருத்தல், கைதானால் உடனே நம் தூதரகத்தைக் காண வேண்டும் எனக் கேட்டல் ஆகிய இம்மூன்றையும் கடல் கடக்கும் ஒவ்வொருவர்க்கும் சொல்லி அனுப்ப வேண்டும். 36ஆம் பிரிவு தரும் உரிமை, அதனை அறிந்தவர்க்கே முழுப்பயன் தரும்.

முடிவுரை

கோவூர்கிழாரின் சொல் வென்றது ஏன்? இளந்தத்தன் ஒற்றன் அல்லன் என்பது உண்மை; அவ்வுண்மையைச் சொன்னவர் பொய் கூறாதவர். இவ்விரண்டுமே அச்சொல்லின் படை. 2013 மார்ச்சில் சொல் தவறிய பதினொரு நாளில் இத்தாலி இழந்த மதிப்பு, ஓராண்டு முயன்று அது ஈட்டியதை விஞ்சியது என்று நாம் கருதுகிறோம். ஓர் அரசு தன் குடிமக்களுக்காகப் பேசுதல் அறம். இறந்தவர் வீட்டாரின் நீதியை மறந்து பேசுதல் அறமாகாது.

நம்மவர் சிறைப்படும்போது ஒரு தராசும், நம்மவர் உயிரிழக்கும்போது வேறொரு தராசும் கொள்ள நமக்கும் உரிமை இல்லை. அயல்நாட்டில் வாடும் எளியவர்க்காக விரைந்து பேசுங்கள் என நம் அரசைக் கேட்போம். நம் மண்ணில் பிடிபடும் அயலார்க்கும் அதே உரிமை உண்டு என ஏற்போம். பூசப்புரைச் சிறையின் மதிலருகே நாள்தோறும் செல்லும் நாம், அம்மதிலின் இருபுறத்தையும் எண்ணிப் பார்க்கக் கற்றால், கடல் கடந்த நம் பிள்ளைகளுக்காக நாம் எழுப்பும் குரலும் அறத்தின் குரலாக ஒலிக்கும்.