அரும்பழக் கன்றும் மனைத்தோட்டமும்: மைசூர் எல்லைப் பகுதியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு நிலத்தில் இல்லாத பயிரை வேற்று நிலத்திலிருந்து கொணர்ந்து நிலைபெறச் செய்தலைத் தமிழ் மரபு புகழுக்குரிய செயலாகக் கருதியுள்ளது. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர் கரும்பைக் கொண்டுவந்த செய்தியை ஔவையார் புறநானூற்றின் 99ஆம் பாடலில் குறிப்பிடுகிறார். கொணர்வித்த குடிக்குப் புகழ் நிலைத்தது. நட்டுப் பேணிய கைகள் பதிவுபெறவில்லை. அரிய பழமரங்களின் பிற்கால வரலாற்றிலும் இந்நிலையே தொடர்வதையும், அது அண்மைக் காலத்தில் மாறத் தொடங்கியிருப்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தகடூர்ப் பகுதிக்கு மேற்கே, மேட்டூர் நீர்த்தேக்கத்தையொட்டிக் காவிரியில் கலக்கும் பாலாறு, தமிழ்நாடும் கர்நாடகமும் சந்திக்கும் எல்லைப் பகுதியில் ஓடுகிறது. வடதமிழகத்துப் பாலாறு வேறு. இப்பகுதியை உள்ளடக்கிய கொள்ளேகால் வட்டம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்து, பின்னர் மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. எனவே மைசூர், கோயம்புத்தூர் ஆகிய இருபுறத் தோட்டக்கலை வரலாற்றையும் ஒருசேர நோக்குதல் பொருந்தும்.

அரசர் தோட்டமும் திகளரும்

பெங்களூரின் லால்பாக் தோட்டத்தை ஐதர் அலி 1760இல் தொடங்கினார். திப்பு சுல்தான் வெளிநாடுகளிலிருந்து விதைகளையும் கன்றுகளையும் தருவித்து அதனை வளப்படுத்தினார். 1799இல் திப்பு வீழ்ந்த பின்னர் தோட்டம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1856இல் அரசுத் தாவரவியல் தோட்டமாயிற்று. இவ்வரலாற்றில் மன்னர், அலுவலர் பெயர்கள் தெளிவாகக் கிடைக்கின்றன. ஆனால் பெங்களூரில் தோட்டத்தொழிலை வழிவழியாக மேற்கொண்டவர்கள், தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்தவர்களாகக் கருதப்படும் திகளர் ஆவர். தமிழரைக் குறிக்கும் கன்னடச் சொல்லே இவர்தம் குலப்பெயராக வழங்குகிறது. ஒரு சமூகமாக அறியப்பெறும் இவர்கள் தோட்ட வரலாற்றில் தனிமனிதர்களாக இடம்பெறவில்லை.

பர்லியாறு: மனைத்தோட்டம் அரசுத் தோட்டமாதல்

மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைப்பாதையிலுள்ள பர்லியாறு பழத்தோட்டம், 1850களில் கோயம்புத்தூர் ஆட்சியராயிருந்த இ. பி. தாமஸ் என்பாரின் தனித்தோட்டமாகத் தொடங்கிற்று. 1871இல் அரசு அதனைக் கையகப்படுத்தியது. மலையடிவாரத்துக் கல்லாறு பழப்பண்ணை 1900இல் ஏற்பட்டது. மங்குஸ்தான், துரியன் முதலிய தென்கிழக்காசியப் பழமரங்கள் தமிழகத்தில் காய்த்த இடங்களுள் இவை குறிப்பிடத்தக்கன. ஒருவர் தம் விருப்பத்திற்காக வளர்த்த தோட்டமே இங்கு அரசு நிறுவனத்திற்கு அடிப்படையாயிற்று என்பது கருதத்தக்கது.

விதையின் இயல்பும் வணிகமும்

இப்பழமரங்கள் பரவிய முறையை அவற்றின் விதையியல்பே வரையறுத்தது. மங்குஸ்தான் விதை உலர்ந்தால் விரைவில் முளைப்புத்திறனை இழக்கும். நெல், வரகு போலச் சேமித்து விற்க இயலாது. ஆகவே வணிகம் விதையில் அன்றிக் கன்றிலேயே நடைபெற வேண்டியதாயிற்று. மகரந்தச் சேர்க்கையின்றியே அதன் விதை உருவாவதால் கன்று தாய்மரத்தை ஒத்திருக்கும். ஆயின் காய்ப்பதற்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ரம்புத்தானும் பலாவும் இதற்கு மாறானவை. விதைக்கன்று தாயின் குணத்தைப் பெறும் என்னும் உறுதி அவற்றில் இல்லை. ரம்புத்தானில் ஆண்மரமாகிக் காய்க்காமலே போவதும் உண்டு. எனவே நல்ல மரம் ஒன்றைப் பெருக்க ஒட்டுக்கட்டுதலே வழி. ஒட்டுக்குச்சி கைமாறியதும் மரத்தின் முழுப்பயனும் கைமாறிவிடுகிறது. மூலமரத்திற்கு உரியவர் மறக்கப்படுகிறார்.

சித்து பலா: உரிமையின் பதிவு

இம்மறதிக்கு மாற்றாக அமைந்த நிகழ்வு கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் காணப்படுகிறது. அங்கு ஓர் உழவர் நட்ட பலாமரம், ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று கிலோ எடையுள்ள சிறு பழங்களையும் செம்பு நிறச் சுளைகளையும் தந்தது. இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அதனை ஆய்ந்து, நட்டவரின் பெயரை நினைவுகூரும் வகையில் ‘சித்து’ எனப் பெயரிட்டது. 2017இல் அவர் மகனோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி நிறுவனம் ஒட்டுக்கன்றுகளைப் பெருக்கி விற்று, வருவாயில் 75 விழுக்காட்டை அக்குடும்பத்திற்கு அளிக்க முன்வந்தது. உழவர் பேணிய இரகத்தை அவர் பெயரிலேயே பதிவு செய்ய இடமளிக்கும் 2001ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் இத்தகைய ஏற்பாடுகளுக்குப் பின்புலமாக உள்ளது.

முடிவுரை

அதியர் குடி கரும்பால் புகழ்பெற்றது. லால்பாக் மன்னர் பெயரால் அறியப்பட்டது. பர்லியாறு ஆட்சியரின் பெயரோடு இணைந்தது. சித்து பலாவிலோ நட்டவர் பெயரே இரகத்தின் பெயராயிற்று; பயனும் அவர் மனையைச் சென்றடைய வழி ஏற்பட்டது. இன்று வீட்டுத்தோட்டங்களில் அரும்பழக் கன்றுகளை வளர்த்து விற்போர் ஒவ்வொரு கன்றின் மூலமரத்தையும் அதனைப் பேணியவர் பெயரையும் குறித்துவைப்பாராயின், வருங்கால வரலாற்றாசிரியருக்கு அஃது அரிய சான்றாகும். மூலமரம் பட்டுப்போன பின்னர் அச்சான்றை மீட்க வழியில்லை.