அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மூட்டைப்பூச்சி ஒழிப்பு வரலாறு

மூட்டைப்பூச்சி மனித இரத்தத்தை உண்டு வாழும் சிறகற்ற பூச்சி ஆகும். அடுக்குமாடிக் கட்டடங்களில் இது சுவர் வெடிப்புகள், குழாய்த் துளைகள், பழைய மரச்சாமான்கள் வழியாக அடுத்த வீட்டுக்குப் பரவும். எனவே ஒரு வீட்டில் மட்டும் மருந்தடிப்பது பெரும்பாலும் பயன் தருவதில்லை.

1930களில் பிரிட்டனில் சேரிகள் இடிக்கப்பட்டு, அங்கு வாழ்ந்தோர் உள்ளாட்சி அமைப்புகள் கட்டிய புதிய வீடுகளில் குடியேற்றப்பட்டனர். பூச்சிகளும் உடன் வராமல் தடுக்க, பல நகரங்களில் அவர்களது மரச்சாமான்கள் மூடிய வண்டிகளில் ஏற்றப்பட்டு ஐதரசன் சயனைடு நச்சு வளியால் புகையூட்டப்பட்டன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலிவான டி.டி.டி. மருந்து பரவலானது. ஆயினும் 1947 இல் ஹவாயின் பேர்ல் துறைமுகத்திலேயே அம்மருந்துக்குச் சாகாத மூட்டைப்பூச்சிகள் காணப்பட்டன. 1972 இல் அமெரிக்கா டி.டி.டி.யின் பெரும்பாலான பயன்பாடுகளைத் தடை செய்தது.

2000களில் நியூயார்க் நகரில் மூட்டைப்பூச்சி மீண்டும் பெருகியது. வெட்கப்பட்டு மறைப்பவர்களால் அது மேலும் பரவியது. வீட்டிலோ கட்டடத்திலோ முந்தைய ஓராண்டில் மூட்டைப்பூச்சி இருந்ததா என்பதைப் புதிதாகக் குடிவருவோருக்கு உரிமையாளர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என 2010 இல் சட்டம் இயற்றப்பட்டது. ஒரு வீட்டின் அவமானமாகக் கருதப்பட்டது, இவ்வாறு கட்டடம் முழுவதன் பொறுப்பானது.